பாசியும் எண்ணெயும்

எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினால் எண்ணெய் வருமென்பதைத் திருவரங்கத்துச் சிறுவரும் அறிவர். குளநீரைப் பசுமையாக்கும் நுண்பாசியிலும் எண்ணெயுண்டு என்றால் நம்புவார் சிலரே. எனினும், திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991-ல் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கெனத் தேசிய நிலையமொன்று அமைந்தமையால், பாசியாராய்ச்சி நம்மூர்க்குப் புதிதன்று.

கண்ணுக்குப் புலனாகாத பச்சைப் பாசியணுவைச் செக்கு என் செய்யும்? ஆதலின் வேறு முறைகள் எழுந்தன. 1879-ல் ஸாக்ஸ்லெட் என்பார் பாற்கொழுப்பை அளக்க அமைத்த கருவியில் உலர்ந்த பாசியை இட்டு, ஹெக்சேனைப் பன்முறை வடியவிடுவது ஒன்று. இதற்குப் பல மணி நேரம் வேண்டும். 1959-ல் கனடாவில் பிளை, டையர் இருவரும் மீன்தசைக்கென வகுத்தது மற்றொன்று. குளோரோபாரமும் மெத்தனாலும் கலந்து ஈரப்பொருளிலேயே விரைந்து நிகழ்வது. ஆனால் குளோரோபாரம் நஞ்சு. குளோரெல்லாவின் செல்சுவரோ கடினமானது. நுண்மணிகளால் அரைத்தோ, கேளா ஒலியால் அதிர்வித்தோ முதலில் உடைத்தல் நலம்.

இவற்றை ஒப்பிடுங்கால் என் உள்ளத்திற் பதிந்தது இதுவே. ஒரே பிடிப் பாசி, முறைக்கு முறை வேறு தொகை காட்டும். ஹெக்சேன் பெரும்பாலும் நடுநிலைக் கொழுப்பையே கரைக்கும்; மற்றையது செல்சவ்வின் கொழுப்பையும் ஈர்க்கும். உடன் கரையும் பச்சையமும் தராசில் எண்ணெயென நடிக்கும். எரிபொருளுக்காயின், ஈரப்பாசியை உலர்த்தும் வெப்பத்தையும் செலவிற் சேர்த்தல் வேண்டும். இன்றேல் வரவினும் செலவு மிகும். ஆகவே, நண்பர்காள், நூற்றுக்கு இத்தனை எண்ணெய் என்பாரை, எம்முறையால் அளந்தீர் என்று கேட்டபின்னரே நம்புதல் தகும்.