தூக்கிப் போகிற மண்

அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, கறிவேப்பிலைக்கு எத்தனை அங்குலப் பை வேணும்?"

மும்பை அணுசக்தி நகரில் தரைத்தள வீடு. வீட்டுக்காரருக்கு அடுத்த வருடம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். செம்பூரில் வாங்கிப் போட்டிருக்கும் வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு, மண் கிடையாது. "தரையில வச்சது அரசாங்கத்துக்கு, பையில வச்சது எனக்கு" என்று சிரித்தார். பக்கத்து டிராம்பேயில் அணு ஆராய்ச்சிக் கட்டடம் எழும்பிய காலத்தில் மரங்களை வெட்டவிடாமல் பெயர்த்து வேறிடத்தில் நடச் சொன்னவர் ஹோமி பாபா. அவருக்கு ஆள்படை இருந்தது. அக்காவுக்கு ஒரு மகன் இருக்கிறான், செம்பூரில் ஒரு லிப்ட் இருக்கிறது.

வராந்தாவில் கத்தரியும் மிளகாயும் 12 அங்குலத் துணிப் பைகளில் நின்றன. ஓரமாக, அகலம் 24, உயரம் 9 என்று தாம்பாளம் மாதிரி ஒரு பை. அதில் வேர்க்கடலை. பக்கத்து பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சு வழிவந்த செடிகளிலிருந்து உருவாக்கி 1991-ல் வெளிவந்த டிஏஜி-24 ரகம், குட்டைச் செடி. பூ காய்ந்ததும் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். இறங்க இடம் வேண்டும் என்பதால் கடலைக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். இது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கறிவேப்பிலைதான் குழப்பியது.

பை தைக்கிற இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று மான்குர்ட்டில் ஹார்பர் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கினேன். தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. நான்கு தையல் மிஷின், துணிச் சுருள்கள், நூல் வெட்டும் இரண்டு பீகார் பையன்கள். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். அப்பா தோல் பதனிடும் வேலைக்கு வந்தவராம். மகன் பள்ளிக்கூடப் பை தைத்து, பிறகு செடிப் பைக்கு வந்திருக்கிறார். நான் அண்ணாச்சி என்றேன். அவர் என்னை முதலில் சார் என்றார், டீ வந்த பிறகு தம்பி.

செடிப் பைக்கு நெய்யாத துணி. கம்பளி மாதிரித் தடவினால் சொரசொரக்கும், பிளாஸ்டிக் இழைதான். மண்சட்டியில் வேர் சுவரை முட்டினால் திரும்பி, சுவரோரமே சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியில் தன்னையே நெரித்துக்கொள்ளும். துணியில் அப்படி இல்லை. வேர்நுனி ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும்; பின்னாலிருந்து புது வேர்கள் கிளைக்கும். காற்றே கத்தரிக்கோல். அதற்கு விலையும் உண்டு: மே மாதத்தில் பை மளமளவென்று காயும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். மும்பை மழையிலோ தண்ணீர் தேங்காது, ஆனால் போட்ட உரமும் கூடவே ஒழுகிவிடும்.

மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பையைப் பையன்கள் விரித்துக் காட்டினார்கள். நான் உள்ளே இறங்கி உட்காரலாம். யாரோ ஏற்றுமதிக்காரர் மாதிரிக்குக் கொண்டுவந்தது, 200 கேலன் என்று எழுதியிருந்தது. அமெரிக்க கேலன் கணக்கில் ஏறத்தாழ 750 லிட்டர், அதாவது மாடியில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி.

"இதுல என்ன மரம் வைப்பான் தம்பி?"

"கஞ்சா, அண்ணாச்சி."

அண்ணாச்சி மிஷினை நிறுத்தினார். கலிபோர்னியாவில் சட்டப்படி வளர்க்கிறார்கள் என்றேன். வசந்தத்தில் நட்டு, நீண்ட பகலில் இலையும் கிளையுமாக வளர்த்து, பகல் சுருங்கும்போது பூக்கவிட்டு, இலையுதிர் காலத்தில் அறுவடை. ஆளைவிட உயரமாகப் போகிற செடிக்கு அத்தனை மண் தேவைப்படுகிறது. இங்கே 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் உரிமம் இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் குற்றம்.

"அட சவமே. அங்க தொட்டி, இங்க லாக்கப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்.

அளவு விஷயத்தில் நான் கற்றதெல்லாம் அவருடைய வெட்டு மேசையில்தான். சுருளின் அகலம் 63 அங்குலம். 24 அங்குல உயரப் பை என்றால், தையலுக்கு ஒன்று சேர்த்து 25 அங்குலப் பட்டையாக நீளவாக்கில் இரண்டு கிழிப்பார். மிச்சம் 13. அது 12 அங்குலப் பைக்குச் சுவராகும். பெரிய பை தைக்கிற அன்றெல்லாம் சின்னப் பை தானாகப் பிறக்கும். நம் வராந்தாக்களில் 12 அங்குலம் நிறைய இருப்பதற்குத் தாவரவியல் மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. சுற்றளவுக்கு அவர் ஃபார்முலா எதுவும் சொல்லவில்லை. "மூணு மடங்கு, அப்புறம் ஏழுல ஒண்ணு" என்று விரலால் அளந்தார். அடி வட்டம்தான் கஷ்டம். சதுரத்திலிருந்து வட்டம் வெட்டினால் ஐந்தில் ஒரு பங்குத் துணி வீண்; வளைத்துத் தைக்க நேரமும் பிடிக்கும். கூலி பீஸுக்குத்தான், நேரத்துக்கு இல்லை. பை கிழிவது எப்போதும் பக்கத் தையல் அடித் தையலைச் சந்திக்கிற முனையில். அங்கே மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டினார். நூல் நைலான்தான்; பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும்.

"கறிவேப்பிலைக்கு 18-க்கு 18 போடுங்க" என்றேன்.

"யாரு தூக்குவா?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12-க்கு 12 பையில் 22 லிட்டர் மண் பிடிக்கும். 18-க்கு 18-ல் 75 லிட்டர். அளவு ஒன்றரை மடங்கு, சுமை மூன்று மடங்குக்கு மேல். 24-க்கு 24 என்றால் 178. நனைந்த மண்கலவை லிட்டருக்கு ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பை எவ்வளவு அகலமாக இருந்தாலும், தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது அழுத்துவது உயரத்தைப் பொறுத்துத்தான்: ஓர் அடி உயர மண் சதுர மீட்டருக்கு 300 கிலோ, இரண்டடி என்றால் 600. ஓரடிப் பையைக்கூட இடைவெளி விட்டு, உத்தரத்தின் மேலோ சுவரோரமோதான் வைக்க வேண்டும். செடியைப் பார்த்துப் பை வாங்குகிறவர்கள் கூரையைப் பார்ப்பதில்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் அகலம் 18, உயரம் 12, நான்கு கைப்பிடி என்று முடிவானது. 50 லிட்டர். அப்படி ஓர் அளவு கடையில் இல்லை. அண்ணாச்சி சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வெட்டினார். கைப்பிடிப் பட்டையை வாயோரத்தில் தைக்காமல் அடிவரை இறக்கித் தைத்தார். மேலே மட்டும் தைத்தால் தூக்கும்போது வாய் கையோடு வந்துவிடுமாம்.

மறு வாரம் அணுசக்தி நகரில் மண் நிரப்பிக் கறிவேப்பிலையை மாற்றினோம். பின்பக்கத்து முருங்கையை என்ன செய்வது என்று கேட்டேன். "அது இங்கயே இருக்கட்டும். ஒரு போத்து மட்டும் வெட்டிக்கறேன்" என்றார் அக்கா, அந்தப் பக்கம் பார்க்காமல். பிறகு செம்பூருக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். மகனும் நானும் ஆளுக்கு இரண்டு கைப்பிடியைப் பிடித்தோம். வராந்தாவிலிருந்து வாசல் கேட் நாற்பது தப்படி இருக்கும். மூன்று முறை இறக்கி வைத்தோம்.