சோதனைத் தாளும் ஐந்து நாள் விடுப்பும்



பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவித்து மனநிறைவு கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அச்சங்கிலிக்குரிய நம்பிக்கையை இன்று சிலர் இரத்தப் பரிசோதனைத் தாளின் மீது வைக்கின்றனர்.

கன்னம் வீங்கிய மறுநாளே ஒரு தாய் தம் மகனை மத்ரஸாவுக்கு அழைத்து வந்தார். "ஹஜ்ரத், இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது" என்று தாளை நீட்டினார். அவனைத் திருப்பியனுப்பியபோது அவர் முகம் வாடியது. அவருக்குக் கூறிய விளக்கத்தையே உங்களுக்கும் கூறுகிறேன்.

கிருமியை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்புப் பொருளையே அச்சோதனை தேடுகிறது. வீக்கத்தின் முதல் சில நாட்களில் அது புலப்படாமற் போகலாம். தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளிடம் தோன்றாமலே இருப்பதும் உண்டு. ஆகவே, 'இல்லை' என்னும் முடிவு நோயின்மைக்குச் சான்றாகாது. தொடக்க நாட்களில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனையே கூடுதலாக உதவும்.

வீக்கத்திற்கு 2 நாள் முன்பிருந்து 5 நாள் பின்புவரை இந்நோய் எச்சில் துளிகளால் பரவக்கூடியது. ஒரே பாயில் நெருங்கியமர்ந்து உரக்க ஓதும் பிள்ளைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! பருவமடைந்த ஆண்பிள்ளைகளுக்கு விரைவீக்கமும், அரிதாகச் சிலருக்குக் காது கேளாமையும் இதனால் நேர்வதுண்டு.

விடுபட்ட பாடத்தைப் பின்னர் ஓதிக்கொள்ளலாம். பிறர் பிள்ளையின் செவிப்புலனை நம்மால் மீட்டுத்தர இயலுமா? அப்பிள்ளைகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. தாள் எதைக் கூறினும், அந்த 5 நாட்கள் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள். அல்லாஹ் நம் மக்கள் அனைவருக்கும் நலமளிப்பானாக!