இருப்பிடம் கேட்கும் இயர்பட்

2024 நவம்பரில் பெங்களூருவைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், அலுமினியத் தாள் சுற்றிய கூண்டு ஒன்றைச் செய்து அதற்குள் ஓர் ஐபாடை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருக்கும் வைஃபை அலைகளைத் தடுக்கக் கூண்டு. தப்பி நுழைபவற்றைக் குழப்ப அடுப்பு. உள்ளே ஒரு சிறிய மின்னணுப் பலகை, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருக்கும் வைஃபை இணைப்புகளின் அடையாளங்களைப் போலியாகப் பரப்பியது. ஐபாட் தான் அமெரிக்காவில் இருப்பதாக நம்பிவிட்டது. அவர்களுள் ஒருவர் தம் பாட்டிக்காக வாங்கிய ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்டில் இந்தியாவில் பூட்டிக் கிடந்த செவித்துணை வசதி அதன்பின் திறந்துகொண்டது.

செய்தி வேடிக்கையாகவே பகிரப்பட்டது. பேரனின் சாமர்த்தியத்தைப் பாராட்டியவர்கள் பலர். பாட்டியின் காது எந்த நாட்டில் இருக்கிறது என்பது கருவிக்கு ஏன் தெரிந்தாக வேண்டும் என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது.

கேள்விக்குச் சட்டத்தின் விடை ஒன்று உண்டு. லேசானது முதல் மிதமானது வரையிலான செவித்திறன் குறைவு உள்ள பெரியவர்கள், மருத்துவர் சீட்டு இல்லாமலே செவித்துணைக் கருவி வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி அமெரிக்காவில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் வழியே, 2024 செப்டம்பர் 12 அன்று, ஏர்பாட்ஸுக்கான மென்பொருளுக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. கடையில் நேரடியாகக் கிடைக்கும் செவித்துணை மென்பொருளாக ஒப்புதல் பெற்றதில் அதுவே முதலாவது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வசதி வெளியானது. அது திறந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா அப்போது இல்லை. இந்தியாவில் 2017-இல் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், அவற்றுக்கான மென்பொருள் உட்பட, மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஆகவே பாட்டுக் கேட்கும்வரை அது வெறும் மின்னணுப் பொருள். அதே ஒலிவாங்கி எதிரில் இருப்பவரின் பேச்சைக் காதுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுக்கத் தொடங்கிய கணத்தில் அது மருத்துவக் கருவி. பொருள் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. பெயர் மாறினால் ஒவ்வொரு நாட்டின் கதவையும் தனித்தனியே தட்டியாக வேண்டும்.

இதை அதிகாரிகளின் மெத்தனம் என்று எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு காது மட்டும் திடீரெனக் கேட்காமல் போவது உடனே மருத்துவரிடம் ஓடவேண்டிய நிலை. அங்கே ஒலியைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாளை வீணாக்குவது. குறும்பி அடைத்த காதுக்குக் கருவியே தேவையில்லை. அமெரிக்காவிலும் அந்த வசதி 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. காப்பு விதிகளுக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பூட்டு ஊரைக் கேட்கிறது, மொழியைக் கேட்பதில்லை. வியப்பு அங்கேதான் தொடங்குகிறது. செவிச்சோதனையில் ஒலிப்பவை தூய தொனிகள். 1000 ஹெர்ட்ஸ் தொனிக்குத் தாய்மொழி கிடையாது. அது மென்லோ பார்க்கிலும் மல்லேஸ்வரத்திலும் ஒன்றே. தொனியைத் தாண்டிப் பேச்சுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. செவித்துணைக் கருவி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்தவேண்டும் எனக் கணிக்க ஆஸ்திரேலியாவின் தேசியச் செவியியல் ஆய்வகம் உருவாக்கிய என்ஏஎல்-என்எல்2 என்னும் சூத்திரம், தொனிமொழி பேசுவோருக்கும் மற்றவர்களுக்கும் வெவ்வேறு அளவைத் தருகிறது. சீனம் போன்ற தொனிமொழிகளில் சொல்லின் பொருளைப் பிரிக்கும் சுருதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அங்கே சற்றுக் கூடுதல் ஊக்கம். இந்தியாவுக்குள்ளேயே பஞ்சாபியும் மணிப்புரியும் மிசோவும் தொனிமொழிகள். தமிழும் கன்னடமும் அல்ல. உண்மையில் எல்லைக்கோடு போடவேண்டிய இடம் இதுதான். கிளைமொழி ஆய்வாளர் வரையும் கோடு ஆற்றோரத்திலும் மலையடிவாரத்திலும் வளைந்து போகும். நிறுவனத்தின் பட்டியலுக்குத் தெரிந்த ஒரே கோடு நாட்டின் எல்லை.

இதன் விலை என்னவென்று பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் வீட்டில் காணலாம். முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாட்டை நாக்கை மடக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவர். ளகரத்தில் நாக்கு மடங்குவதன் அடையாளம் பெரும்பாலும் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பதிகிறது. முதுமையின் செவிக்குறைவோ மேலிருந்து இறங்கி வருவது. சகரம் முதலில் மங்கும், பிறகு மெய்களின் நுண்வேறுபாடுகள் ஒவ்வொன்றாக. உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக நிற்பதால் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கும். எனவே அவருக்குப் பேச்சு கேட்கிறது, சொல் கேட்பதில்லை. பேத்தி தொலைபேசியில் பள்ளி என்கிறாளா, பல்லி என்கிறாளா என்பதை வாக்கியம் முடிந்தபின் ஊகித்துக்கொள்கிறார்.

மகன் உரக்கப் பேசுகிறார். கத்தும்போது மிகுவது பெரும்பாலும் உயிரெழுத்தின் வலிமை. மெய் அதே அளவுக்கு உயர்வதில்லை. ஆக அம்மாவின் காதுக்குத் தெளிவு போய்ச் சேர்வதில்லை, கோபம் மட்டும் போய்ச் சேர்கிறது. "ஏன்டா என்னைத் திட்டுற?" என்பார். "திட்டலைம்மா, கேக்கலைன்னு சொன்னீங்களே!" என்பார் மகன். பல வீடுகளில் மனக்கசப்பு என்று அறியப்படுவதில் பாதி ஒலியியலாகவே இருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காது மிஷின் ஒன்று அவருடைய அலமாரியில், பழைய மூக்குக் கண்ணாடிக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவில் கிடக்கிறது. "எல்லாச் சத்தமும் கேக்குது, பேச்சுதான் கேக்கலை" என்று கழற்றி வைத்தார். கருவியைச் செவிக்கு ஏற்பச் சரிசெய்ய மீண்டும் மீண்டும் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் மகன் விடுப்பு எடுக்கவேண்டும். மூன்றாம் முறைக்குப் பிறகு போகவில்லை. தேவைப்படுவோரில் பத்தில் ஒருவருக்குக்கூட உலகின் செவித்துணைக் கருவி உற்பத்தி போதாது என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு கூறிவந்தது. கையில் கிடைத்த கருவியும் அலமாரிக்குப் போகும் கணக்கு இதில் அடங்காது. இந்தியாவில் குறிப்பிடத்தக்க செவிக்குறைவு உள்ளவர்கள் சுமார் 6.3 கோடிப் பேர் என்ற மதிப்பீடு அரசு ஆவணங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் உண்டு. எளியவர்களுக்குக் கருவி வழங்கும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. 24,900 ரூபாய் விலையில் இங்கே விற்ற ஏர்பாட்ஸை ஏழைகளின் மீட்பராகக் காட்டுவது பொய். அதனோடு ஐபோனோ ஐபாடோ வேறு வேண்டும். நடுத்தர வீட்டில் பேரன் கழற்றிக் கொடுக்கும் பழைய ஜோடிதான் அது பாட்டியை வந்தடையும் வழி.

அப்படி வந்தடைந்தாலும் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. காதுக்குப் பின்னால் தெரியும் மிஷின், 'இவருக்குக் கேட்காது, சற்று நிறுத்திப் பேசு' என்று எதிராளிக்குச் சொல்கிறது. முதுமையை அம்பலப்படுத்துவதால் பலர் அதை வெறுக்கிறார்கள். இயர்பட்டில் அந்தக் கூச்சம் இல்லை. ஆனால் மெட்ரோவிலோ வகுப்பறையிலோ அதன் பொருள், 'நான் உன் பேச்சைக் கேட்கவில்லை' என்பதே. கேட்பதற்காக ஒருவர் அணிந்திருப்பது கேளாமையின் குறியாக வாசிக்கப்படும். ஆசிரியை அதை மாட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்திலோ வங்கியிலோ நின்றால், காசாளர் முதலில் சொல்லப்போவது அதைக் கழற்றச் சொல்லித்தான். குறிகளின் பொருள் மாற அரசாணை தேவையில்லை, ஆனால் அரசாணையைவிட அதிக காலம் பிடிக்கும்.

இன்னொன்று, சிறியதுதான். செவிச்சோதனைக்கு அமைதியான அறை வேண்டும். ஏப்ரல் மாதத்தில் கூரை விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தி, தெருவில் ஆட்டோ போகாத சில நிமிடங்களைப் பிடிக்கவேண்டும். விசிறி ஓடினால் அதன் இரைச்சல் மெல்லிய தொனிகளை மூடிவிடும். காதில் இல்லாத குறை காதின்மேல் எழுதப்படும். 

ஆசிரியை இப்போதைக்குத் தமக்கென ஒரு முறை வைத்திருக்கிறார். தொலைபேசியில் பேசுவதை விட்டுவிட்டுக் காணொளி அழைப்புக்கு மாறிவிட்டார். பேத்தியை ஜன்னல் பக்கம் முகம் திருப்பி உட்காரச் சொல்கிறார். உதட்டில் வெளிச்சம் விழவேண்டும். பகரமும் மகரமும் கூடும் உதடு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, வகரமும் தெரிகிறது. லகர, ளகரங்கள் வாய்க்குள் நாக்கு செய்யும் வேலை. பள்ளிக்கும் பல்லிக்கும் உதடு ஒன்றுதான்.