இரு மத்ஹபுகள், ஒரே அடுப்பு



ஏற்காட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் மாதத்திற்கு ஒருமுறையேனும் இந்தோனேசியச் சமையல் நடக்கும். ரெண்டாங், ஓப்போர், சோத்தோ, சம்பால் என்று பெயர்களைச் சொன்னால் மத்ரஸாப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சுமத்ராவிலோ ஜாவாவிலோ நான் காலடி வைத்ததில்லை. இவை என் உம்மம்மா அவர்களிடமிருந்து வந்தவை. அவர்களுடைய வாப்பா கீழக்கரையிலிருந்து சபர் போய், சுமத்ராவின் மேடான் நகரில் பல ஆண்டுகள் துணி வியாபாரம் செய்தவர்கள். ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது பெருஞ்செல்வமன்று. ஒரு பெட்டி நிறைய பாத்திக் கைலிகளும், நாவை விட்டு அகலாத ஒரு சுவையும்தான். அந்தச் சுவையை அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, வீட்டுப் பெண்கள் சமைத்துப் பார்த்துப் பழகினார்களாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸுக்கு அருகே 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. கடை என்பதை அவர்கள் 'கெடாய்' என்கிறார்கள்; கப்பல் அவர்களுக்கும் 'காப்பால்'தான். ஆப்பத்தை 'அப்பம்' என்றும் புட்டை 'புத்து' என்றும் சொல்கிறார்கள். அச்சே பகுதியில் ரமளான் மாதத்துப் பள்ளிவாசல்களில் 'கஞ்சி ரும்பி' காய்ச்சிப் பகிர்கிறார்கள். அரிசியும் மசாலாவும் இட்டு, பெரிய பாத்திரத்தில் நீண்ட நேரம் கிண்டி, மாலையில் ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் அந்தக் கஞ்சியை நம் நோன்புக் கஞ்சியின் உடன்பிறப்பு என்றே நான் கருதுகிறேன். மேடானில் இன்றும் 'கம்போங் மெட்ராஸ்' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது.

அங்கிருந்து இங்கு வந்தவையும் உண்டு. கீழக்கரைத் தொதலை (துதல் என்போரும் உண்டு) அறியாதவர் நம்மில் குறைவு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்டி எடுக்கும் அதே பண்டம் ஜாவாவில் 'டோடோல்' எனப்படுகிறது. காருத் என்னும் ஊர் அதற்குப் பெயர் பெற்றது. நமக்கு அது இலங்கை வழியாகவும் வந்திருக்க வேண்டும். டச்சுக்காரர்கள் தமக்கு அடங்காத ஜாவா அரச குடும்பத்தினரையும், தம் படையில் சேர்த்த வீரர்களையும் இலங்கைக்கு அனுப்பி வைத்தார்கள். மத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708 இல் பிடிபட்டு அங்கேதான் நாடு கடத்தப்பட்டார். அப்படிப் போனவர்களின் வழிவந்தோரே இன்றைய இலங்கை மலாய் முஸ்லிம்கள். நாம் பெருநாளுக்கு அவிக்கும் வட்டலப்பத்தை அவர்களும் தங்களுடையதென்று உரிமை கொண்டாடுகிறார்கள். 'வட்டில் அப்பம்' என்பதால் பெயராவது தமிழ்தான் என்று உம்மம்மா வாதாடுவார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பின் அரசன் ரெண்டாங். அது மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மக்களுடைய உணவு. அவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கீழக்கரையைப் படிப்பது போலவே இருந்தது. அங்கு வீடு மகளுக்கு உரியது; மணமகன் பெண் வீட்டிற்கு வருகிறான். நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் ஆண்கள் இளம் வயதிலேயே பொருளும் கல்வியும் தேடி ஊரை விட்டுப் போகிறார்கள். அதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். நாம் சபுராளி என்கிறோம். போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்க ஏற்ற உணவு ரெண்டாங். நீர் முழுதும் வற்றி, தேங்காய் எண்ணெயிலேயே வதங்கிக் கறுத்த இறைச்சி பல நாள் கெடாது.

அந்த மக்கள் ரெண்டாங்கின் பொருள்களுக்கு உருவகமும் சொல்வார்கள். இறைச்சி குலத்தின் பெரியவர்கள், தேங்காய் கற்றறிந்தோர், மசாலாப் பொருள்கள் ஏனைய மக்கள், மிளகாய் ஆலிம்கள். மார்க்கம் சொல்பவர் சற்றுக் காரமாகத்தான் இருப்பார் போலும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி, "உஸ்தாதா, நீங்க எத்தனை மிளகாய்?" என்று கேட்டாள்.

ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு நான் 25 காய்ந்த மிளகாய் போடுகிறேன். (அவர்கள் பெரும்பாலும் மாடு அல்லது எருமை இறைச்சியில் செய்வார்கள்.) கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு விரல் நீளம் இஞ்சி, அதே அளவு அரத்தை, ஒரு துண்டு மஞ்சள் ஆகியவற்றை மிளகாயோடு சேர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும். நான்கு தேங்காயின் பால். எலுமிச்சைப் புல் மூன்று தண்டு, நசுக்கி முடிந்தது. மஞ்சள் இலை ஒன்று. சேலம், ஈரோடு வட்டாரத்தில் பயிர் நிற்கும் மாதங்களில் அதற்குப் பஞ்சமில்லை. அவர்கள் இடும் எலுமிச்சை வகை இலைக்குப் பதில் நாரத்தை இலை நான்கு. புளிப்புக்கு இரண்டு கொடம்புளி. எல்லாவற்றையும் அகன்ற இருப்புச் சட்டியில் ஒன்றாகப் போட்டு, மூடாமல் கொதிக்கவிட வேண்டும்.

மூடக்கூடாது என்பதுதான் முக்கியம். குக்கரில் வைத்தால் என்ன என்று என்னைக் கேட்காத பெண்கள் இல்லை. குக்கர் இறைச்சியை வேகவைக்கும். நீரை வற்ற வைக்காது. ரெண்டாங் என்பதே வற்றுதல்தான். முதலில் அது ஆணம் போல இருக்கும். அந்த நிலையில் அதற்கு 'குலாய்' என்று பெயர். நீர் குறைந்து கெட்டியானால் 'காலியோ'. பலரும் அங்கேயே இறக்கிவிடுவார்கள். சோற்றுக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும். இன்னும் பொறுத்தால் பாலிலிருந்து எண்ணெய் பிரியும். அதன் பிறகு தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் புரட்டிக்கொண்டே இருந்தால் நிறம் சிவப்பிலிருந்து பழுப்புக்கும், பழுப்பிலிருந்து கருமைக்கும் போகும்.

கடற்கரையில் உம்மம்மாவுக்கு இது நான்கு மணி நேர வேலை. எனக்கு ஐந்தும் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று பார்த்தால் இறைச்சி வெந்திருக்காது. எங்கள் உயரத்தில் தென்னையும் சரியாகக் காய்க்காது. தேங்காய் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். சுற்றிலும் காப்பித் தோட்டம், சவுக்கு மரங்களில் படர்ந்த மிளகுக் கொடி, பலா, ஆரஞ்சு என்று எல்லாம் இருக்கும் மலையில், இந்த ஆணத்திற்கு வேண்டியதில் பாதி கீழிருந்துதான் வருகிறது. குளிர் மாதங்களில் தேங்காய்ப்பால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். அதைக் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். இளஞ்சூட்டில் வைத்தால் இளகிவிடும்.

இனி, நான் எழுத வந்த செய்தி. ரெண்டாங்கில் எவருக்கும் தடையில்லை. சிக்கல் சம்பாலில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது 'தெராசி', அதாவது இறால் குஞ்சுகளை உப்பிட்டுப் புளிக்கவைத்து, இடித்துக் காயவைத்த கட்டி. அதை நெருப்பில் வாட்டினால் மணம் மூன்று வீடு தாண்டிப் போகும். நான் பிறந்த குடும்பம் ஷாஃபி மத்ஹபு. இந்தோனேசியர்களும் பெரும்பாலும் அப்படியே. இப்னு பதூதா 1345 வாக்கில் சுமத்ராவின் சமுத்ரா பாசாயில் கண்ட சுல்தானும் ஷாஃபிதான். எங்களுக்குக் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஹலால். நான் வாழ்க்கைப்பட்ட குடும்பமோ சேலம் பக்கத்து ராவுத்தர் குடும்பம், ஹனஃபி மத்ஹபு. அந்த மத்ஹபில் நீர்வாழ்வனவற்றில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீன் வகையா இல்லையா என்பதில் அவர்களுடைய அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. மொழியறிஞர்கள் அதை மீனென்று எழுதியிருப்பதால் ஆகும் என்பார் பலர். முள்ளும் செவுளும் உள்ள மீனைப் போன்றதன்று, ஆகவே ஆகாது என்பார் வேறு சிலர். அல்மாயிதா அத்தியாயத்தின் 96 ஆவது வசனத்தை இரு மத்ஹபினரும் ஓதுகிறார்கள். கடல் வேட்டை என்பதன் எல்லையைத்தான் வேறு வேறாக விளங்கிக்கொள்கிறார்கள்.

என் மாமி, ஆகாது என்ற கருத்தில் வளர்ந்தவர்கள். நான் திருமணமாகி வந்த புதிதில், சம்பால் இடித்த நாள்களில் மாமி என் கையால் எதையும் சாப்பிட மாட்டார்கள். கழுவிய பாத்திரத்தில் சமைத்ததை உண்ணத் தடையில்லை என்பது எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டிற்கு வந்தவர்களிடம் ஒரு சொல் சொன்னதுமில்லை. தயிரும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு அதே சஹனின் மறுபக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் முதல் பிள்ளைப்பேற்றின்போது, வாய்க்கு எதுவும் பிடிக்காமல் நான் படுத்திருந்தபோது, கீழக்கரைக்கு ஆள் சொல்லி எனக்காகத் தெராசி வரவழைத்ததும் மாமிதான். தாம் தொடாத ஒன்றை மருமகளுக்காக வாங்கி வைத்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்கள்: "உன் இமாம் உனக்கு, என் இமாம் எனக்கு. அம்மியை மட்டும் கலக்காதே, பிள்ளே."

பட்டயப் படிப்பில் மத்ஹபுகளின் கருத்து வேறுபாடு பற்றி ஒரு தாள் முழுதும் எழுதித் தேறியவள் நான். அந்தத் தாளில் இல்லாத பாடம் இது. உடும்பு இனத்து இறைச்சி பற்றிய ஹதீஸை அப்போதுதான் மனத்தால் படித்தேன். அன்னை மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் பொரித்துப் பரிமாறப்பட்ட அதனை நபி (ஸல்) அவர்கள் உண்ணாமல் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) கேட்டபோது, இல்லை, தம் மக்களின் மண்ணில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். நபியவர்கள் பார்த்திருக்க, காலித் (ரழி) உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. (இந்த இறைச்சியிலும் ஹனஃபி அறிஞர்களின் கருத்து வேறு; அது தனிப் பாடம்.) சட்டத்தைக் காட்டிலும், ஒருவர் உண்ண மற்றவர் உண்ணாதிருந்த அந்த ஒரே விரிப்புத்தான் என் கண்ணில் நின்றது. இன்று நம் இளைஞர்கள் சிலர் இதைவிடச் சிறிய வேறுபாட்டிற்காகப் பள்ளிவாசலையே மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு அம்மிகள். சிறியது தெராசிக்கு. பெரியதில் மாமிக்கும் பிள்ளைகளுக்கும் வேறொரு சம்பால் அரைக்கிறேன்; பிள்ளைகள் தம் வாப்பாவின் மத்ஹபைப் பின்பற்றுகிறார்கள். நெத்திலிக் கருவாட்டைத் தலை நீக்கி, எண்ணெயில்லாமல் வறுத்து, பழுத்த மிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி, சிறு துண்டு கருப்பட்டியோடு இடித்து, இறுதியில் எலுமிச்சை பிழிவேன். நெத்திலி மீன்தான்; அதில் எவருக்கும் ஐயமில்லை. தெராசியின் ஆழம் அதில் வராது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் மாமி அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இந்தோனேசியர்களின் இனிப்புச் சோயாக் குழம்பான 'கெச்சாப் மானிஸ்' கிடைக்காதவர்கள், சாதாரணச் சோயாக் குழம்பில் சம அளவு கருப்பட்டி இட்டுக் காய்ச்சிக்கொள்ளலாம். புட்டியில் வாங்கினால் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

என் மகளுக்கு வருகிற ஷவ்வாலில் நிக்காஹ், இன்ஷா அல்லாஹ். மாப்பிள்ளை வீடும் ஹனஃபி, ஆத்தூர்ப் பக்கம். உம்மம்மாவின் சமையலை எல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரும்படி கேட்டாள். ஓப்போரும் ரெண்டாங்கும் நெத்திலிச் சம்பாலும் எழுதி முடித்தேன். தெராசிச் சம்பால் உனக்கு எதற்கு என்று அதை விட்டுவிட்டதைப் பார்த்து, அதையும் எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தின் மேல் அவளே தன் கையால் தலைப்பிட்டிருக்கிறாள்: 'உம்மா என் வீட்டுக்கு வரும்போது'.