ஆன்டெனாவைத் திருப்பிய காற்று... பழனிசெட்டிபட்டியில் ‘சக்திமான்’ காலம்!

தேனியில் கம்பம் பஸ் ஏறினால், உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் பழனிசெட்டிபட்டி வந்துவிடும். மெயின் ரோட்டில் கடைகளும் புதுவீடுகளுமாக ஒரே பரபரப்பு. கொஞ்சம் உள்ளே இறங்கினால் முல்லைப் பெரியாறு, தடுப்பணை, வயல், தென்னை. நிமிர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை.

இந்த ஊரில் நான் பார்க்கப் போனது மொட்டை மாடிகளை! பழைய வீடுகள் சிலவற்றின் மேல் துருப்பிடித்த இரும்புக்குழாய் இன்னும் நிற்கிறது. இப்போது அதில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் அதன் உச்சியில் டி.வி ஆன்டெனா இருந்தது.

ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றுக்குப் பேர்போன மாவட்டம் இது. காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, ஆன்டெனாவையும் விட்டுவைக்காது. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று கத்த, மற்றவர்கள் டி.வி-யில் புள்ளிகளுக்கு நடுவே உருவம் தேட... ஞாயிறு பகலில் இத்தனை பாடும் ஒருவருக்காகத்தான். சிவப்பு உடை, நெஞ்சில் தங்க நிறச் சக்கரம், கையை உயர்த்தி ஒரு சுழற்சி. சக்திமான்!

தேனி தனி மாவட்டமானது 1996-ல். ‘சக்திமான்’ தூர்தர்ஷனுக்கு வந்தது 1997 செப்டம்பரில். ஓடியது 2005 வரை. மாவட்டமும் தொடரும் ஒன்றாக வளர்ந்தன என்று சொல்லலாம். நான் 90ஸ் கிட் இல்லை. 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பு வந்தபோதுதான் முழுசாகப் பார்த்தேன். பார்த்ததும் வந்த கேள்வி, இந்த உடைக்குள் இருந்தவர்கள் யார்?

நாயகன் முகேஷ் கன்னா, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். சினிமாவில் பெரிய இடம் கிடைக்காமல் இருந்தவரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது, 1988-ல் தொடங்கிய பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரதம்’. அதில் பீஷ்மர் அவர்தான். பிறகு தன் நிறுவனத்துக்கே பீஷ்மர் பெயரை வைத்து, அதன் மூலம் ‘சக்திமான்’ தயாரித்தார். டைரக்டர் தின்கர் ஜானி. பத்திரிகையில் போட்டோகிராபராக வேலை பார்க்கும் அப்பாவி கங்காதரும் முகேஷ் கன்னாதான்.

வில்லன் கில்விஷாக வந்த சுரேந்திர பால், ‘மகாபாரத’த்தில் துரோணர்! பீஷ்மரும் துரோணரும் மறுபடி மோதியதை ரசித்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. நிருபர் கீதாவாக முதலில் கிட்டு கித்வானி, பிறகு வைஷ்ணவி மஹந்த். மகாகுருவாக வந்த டாம் ஆல்டர், சத்யஜித் ரேயின் படத்தில் நடித்தவர். 2008-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2017-ல் மறைந்தார்.

மற்றவர்கள் அடுத்தடுத்த வேடங்களுக்கு நகர்ந்தார்கள். முகேஷ் கன்னாவால்தான் அந்த உடையைக் கழற்ற முடியவில்லை. குழந்தைகள் திரைப்படச் சங்கத் தலைவராக இருந்தார். அதற்கு முன்பே ‘ஆர்யமான்’ தொடர் செய்தார். ஆனாலும் ஊர் அவரைக் கூப்பிடுவது சக்திமான் என்றுதான்.

ஜப்பானிலும் இதே கதைதான். 1971-ல் ஷோதாரோ இஷினோமோரி உருவாக்கிய ‘காமென் ரைடர்’ தொடரின் நாயகன் ஹிரோஷி ஃபுஜியோகா, படப்பிடிப்பில் பைக் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். தொடர் நிற்கக் கூடாதே என்று இரண்டாவது ரைடரைக் கொண்டுவந்தார்கள். குணமாகித் திரும்பிய ஃபுஜியோகா, 2016-ல் எழுபது வயதிலும் அதே முகமூடியோடு படம் நடித்தார். ஹீரோவின் கால் முறியும். முகமூடிக்கு வலிப்பதில்லை.

குழந்தைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி, குழந்தைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாக அந்த நாட்களில் செய்திகள் வந்தன. தொடரை நிறுத்தச் சொல்லியும் குரல்கள் எழுந்தன. முகேஷ் கன்னா திரையிலேயே தோன்றி, இதெல்லாம் நடிப்பு, நீங்கள் செய்து பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார். தவறு செய்த பிள்ளை ‘ஸாரி சக்திமான்’ என்று சொல்லும் பகுதி, பெரியவர்களும் விரும்பிப் பார்த்தது.

பழனிசெட்டிபட்டியில் முப்பதைத் தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கழுத்தில் துண்டைக் கட்டிச் சுற்றி, தலைசுற்றி விழுந்த கதை நிச்சயம் வரும். சிரித்துக்கொண்டே சொல்லும் அவர்கள்தான், இன்று மொபைலில் ஹீரோ பார்க்கும் தங்கள் பிள்ளைகளைக் காம்பவுண்டு சுவரிலிருந்து இறக்கிவிடுகிறார்கள்.

காற்றை அனுபவிக்க ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் வரலாம். பக்கத்திலேயே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். தடுப்பணைக்குப் பிள்ளைகளோடு போனால், கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். சக்திமான் வரமாட்டார், அதை அவரே சொல்லியிருக்கிறார்!