குந்துகால் மணலின் நிறம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு, "குந்துகால் மணல் என்ன நிறம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு தம்பி?" என்றாள். நல்லாத்தான் இருக்கு என்றேன். "மணலு மணல் நிறந்தான் இருக்கும். இதக் கேக்கவா அங்கிட்டிருந்து போன் போட்ட?"

கேள்வி என்னுடையது இல்லை, என் நண்பருடையது. கண்டியில் பிறந்த சிங்களவர் அவர். எனக்கு முன்பே நாட்டிங்காமுக்கு வந்து நிலைத்தவர். நாங்கள் ஆடும் பொம்மைப் போருக்காக, இரண்டடிக்கு இரண்டடி பலகை ஒன்றில், குந்துகால் இருக்கும் பாம்பன் தீவின் தென்கரையைச் செய்துகொண்டிருந்தார். பசை தடவி ஒட்டியிருந்தது இங்கே வீடு கட்டப் பயன்படும் மணல். பிஸ்கட்டைப் பொடித்துத் தூவியது போல் செம்மஞ்சளாக இருந்தது. "உங்கள் ஊர் மணல் இப்படியா?" என்றார். இருபது வருடம் அந்த மணலை மிதித்தவன் நான். இல்லை என்று சொல்ல முடிந்தது. பின்னே எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

நாட்டிங்காம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ராபின் ஹூட் நினைவுக்கு வருவான். பொம்மைப் போர் ஆடுகிறவர்களுக்கு இது பட்டாசுக்குச் சிவகாசி மாதிரி. கற்பனை உலகப் படைகளைச் செய்து உலகமெங்கும் விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கேதான். சரித்திரப் படைகளை வார்த்துத் தரும் வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் ஆகியவையும் இந்த ஊர்தான். வியாழக்கிழமை மாலைகளில் ஒரு தேவாலயக் கூடத்தில் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் நெப்போலியனாக இருப்பார். பல் மருத்துவர் ஒருவர் ரோமாபுரியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். நடுவில் தேநீர். முதல் நாள் பார்த்தபோது, வளர்ந்த ஆண்கள் கொலு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் இருவரும் ஆடும் விதிகளுக்கு டிபிஏ என்று பெயர். பில் பார்க்கர் முதலியோர் எழுதி 1990-ல் வந்தது. ஒரு படைக்கு 12 தட்டுகள். தட்டு என்பது நான்கு சென்டிமீட்டர் அகல அட்டை. அதன்மேல் மூன்று நான்கு ஈய வீரர்கள், அல்லது ஒரு யானை. வீரனின் உயரம் 15 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. முறை வரும்போது பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண் எத்தனையோ அத்தனை நகர்வு. ஆறு விழுந்தால் நீங்கள் சக்கரவர்த்தி. ஒன்று விழுந்தால் ஒரு கூட்டத்தை மட்டும் நகர்த்திவிட்டு மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அனுப்பிய ஆள் போய்ச் சேரவில்லை, புழுதியில் கொடி தெரியவில்லை என்று அர்த்தம். நான்கு தட்டுகளை இழந்து, அது எதிரியின் இழப்பை விட அதிகமாகவும் இருந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாம்ராஜ்யம் போய்விடும்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1824-ல் பிரஷ்ய ராணுவத்து இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த மேசைப் போரைத் திருத்தித் தலைமைத் தளபதிகளின் முன் ஆடிக் காட்டினார். அதிகாரிகளைப் பழக்க அதையே பிரஷ்யா எடுத்துக்கொண்டது. எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைப் போருக்கென்றே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நாலு தடவை இதை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு பெரிய குளறுபடி என்று புரிந்துவிடும் என்பது அதில் அவர் கடைசியாக வந்து சேரும் இடம். மறு வருடமே உலகப் போர் தொடங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? திண்ணையில் கரித்துண்டால் கட்டம் கீறி, மூன்று புளியங்கொட்டைக்குப் புலி என்றும் பதினைந்து கூழாங்கல்லுக்கு ஆடு என்றும் பெயர் வைத்து ஆடினோமே, அதுவும் இதுதான். இரண்டு பக்கமும் சமமில்லாத போரை நேர்மையாக ஆடுவது எப்படி என்று ஆடுபுலி ஆட்டம் அப்போதே சொல்லிக் கொடுத்துவிட்டது. ஒரு ஆட்டத்தில் புலி, மறு ஆட்டத்தில் ஆடு.

எங்கள் பலகை குந்துகாலுக்கு வந்த கதை இனிதான். இந்த விதிகளோடு உலகத்துப் பழைய படைகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு: யாருக்கு எத்தனை யானை, எத்தனை வில், எத்தனை குதிரை. அதில் தமிழர் படையைத் தேடிப் போனேன். இருந்தது. ஆனால் தனியாக இல்லை. தமிழருக்கும் சிங்களருக்கும் சேர்த்து ஒரே பட்டியல். நண்பரிடம் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்போ ஒரு பெட்டி வாங்கினால் போதும், செலவு பாதி" என்றார் அவர்.

யோசித்தால் பட்டியல் போட்டவர்கள் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்ததாகத் தோன்றவில்லை. பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக, சிங்கள அரசர்களிடம் சேவகம் செய்த வேளைக்காரப் படையினர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. எந்தப் பக்கத்துப் பெட்டியில் அந்த வீரர்களை வைப்பது?

எங்களுக்குப் போர் ஒன்று வேண்டியிருந்தது. 1170-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைச் சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வருவதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் வந்த படை திரும்பிப் போகவில்லை. அவன் மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றுவது என்று புறப்பட்டது. தளபதி பெயர் லங்காபுரன். புறப்பட்டது மாதோட்டத்தில், தேவாரம் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கும் அதே துறை. இறங்கியது எங்கள் பக்கத்தில். ராமேசுவரத்தைப் பிடித்துக் குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குப் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்தான். இப்போது அங்கே விவேகானந்தருக்கு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரியில் அவர் கொழும்பு வழியாக வந்து கால்வைத்த கரை. நாங்கள் பள்ளியில் படித்தது அந்த ஒரு வருகையைத்தான்.

லங்காபுரனின் படை எடுத்த ஊர்களை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் வரிசையாகச் சொல்கிறது. நண்பர் வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சுகோட்டை, செம்பொன்மாரி, தொண்டி. பஸ்ஸில் நடத்துனர் கத்துகிற மாதிரியே இருந்தது.

ஒரே போரைப் பற்றி இரண்டு கரையும் எழுதி வைத்திருக்கின்றன. இரண்டிலும் எழுதியவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். சூளவம்சத்தில் வெற்றிக்கு மேல் வெற்றி. பிடிபட்ட தமிழர்களை அனுராதபுரத்துக்கு அனுப்பி, முன்பு தமிழர் இடித்த பெருந்தூபியைச் செப்பனிட வைத்தார்கள் என்கிறது. கதை அந்த உச்சியிலேயே நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம், காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு, ஈழப்படை ராமேசுவரம் கோயிலை அடைத்துப் பண்டாரத்தை அள்ளிக்கொண்டு போனதாகச் சொல்லி, அந்தப் படை தொலைய வேண்டுமென்று ஒரு சிவாசாரியார் நாள்கணக்கில் பூசை செய்ததையும் சொல்கிறது. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் முடிவு இருக்கிறது: இரண்டாம் ராசாதிராச சோழனின் தளபதி, லங்காபுரனின் தலையையும் அவனுக்குத் துணையாக வந்த தளபதியின் தலையையும் மதுரைக் கோட்டை வாசலில் அறைந்தானாம். பிறகு என்ன ஆயிற்று? சோழர் துணையால் அரியணை ஏறிய குலசேகரன் இலங்கையோடு சிநேகம் பிடிக்க, சோழர் அவனை இறக்கிவிட்டு, யாரை எதிர்த்துப் படை அனுப்பினார்களோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் உட்கார வைத்தார்கள். கதையை இங்கே வரை நான் சொன்னதும் நண்பர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ தலை போனவன் எதுக்குப் போனான்?"

கோயிலில்தான் எங்களுக்கு வாக்குவாதம் வந்தது. முதலில், பலகையில் அதை எப்படிச் செய்வது? இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் நீண்ட பிராகாரங்கள் பின்னாளில் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் எடுத்தவை. 12-ம் நூற்றாண்டில் அவை கிடையாது. ஆகவே தாழ்வான சின்னக் கற்கோயில் ஒன்றைச் செய்தோம். அடுத்து, அதைக் கொள்ளையிட்டால் எத்தனை புள்ளி? "எங்கள் நூலில் கொள்ளை கிடையாது" என்றார் அவர். "எங்கள் கல்வெட்டில் அதுதான் முதல் சேதி" என்றேன் நான். அரை மணி நேரம் போனது. ராமேசுவரத்துக் கருவறையைக் கட்டியதே பராக்கிரமபாகுதான், கல் திருகோணமலையிலிருந்து வந்தது என்று ஒரு மரபும் உண்டு. அதை நானேதான் அவருக்குச் சொன்னேன்; சொல்லாமல் இருந்திருக்கலாம். கடைசியில் கோயிலுக்குப் புள்ளி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். யாரும் அதன்மேல் தட்டை வைக்கக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

முதல் ஆட்டத்தில் அவர் லங்காபுரன், நான் பாண்டியன். யானையை முன்னால் நிறுத்தினேன். ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாச அரண்மனைச் சுவரில் சேதுபதியும் தஞ்சை மராத்தியரும் பொருதும் ஓவியம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது பார்த்தது, அந்த நினைப்பு. சுவரில் யானை பின்வாங்குவதில்லை. என் பலகையில் பின்வாங்கியது. பின்வாங்கும் யானை தனக்குப் பின்னால் நிற்கும் சொந்தப் படையை மிதித்துவிடும் என்பது விதி. சூளவம்சம் சொன்னது சொன்னபடி நடந்தது.

எங்கள் வழக்கப்படி அடுத்த வாரம் இடம் மாறினோம். இப்போது நான் லங்காபுரன். முன்னால் தென்கரை, பின்னால் கடல், கையில் 12 தட்டு. எங்கே இறங்குவது என்று குனிந்து பார்த்தேன். எந்த இடத்தில் கரை தட்டையாக இருக்கும், எங்கே பாறை படகைக் கிழிக்கும், எந்தப் பனங்கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் ஆள் தெரியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சிறு வயதில் ஒளிந்து விளையாடிய அறிவு முழுக்க அன்று என் ஊரைப் பிடிப்பதற்கு உதவியது. முதலில் கோட்டையைக் கட்டாமல் ஓரடி முன்னால் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. லங்காபுரன் ஏன் குந்துகாலில் கோட்டை கட்டினான் என்று அப்போது புரிந்தது. நூலில் அது பெருமைக்காகக் கட்டியது போல் இருக்கும். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பயத்தில் கட்டியது. அன்று எனக்கு ஒன்றும் இரண்டுமாக விழுந்தன. என் தளபதியின் தட்டைத் தூக்கிப் பெட்டியில் போடும்போது, கல்வெட்டு ஜெயித்ததே என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். பேரனை அனுப்பி மணலைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பியிருந்தாள்: காய்ந்த இடத்தில் கண் கூசும் வெளிர்நிறம், அலை நனைத்த இடத்தில் சாம்பல். நன்றி சொல்லக் கூப்பிட்டபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டாள்.

"எந்தக் காத்துல வந்தாக? கச்சானா, வாடையா?"

எங்கள் விதியில் காற்றே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடலைக் கடந்து வருகிற போரை இரண்டு பேர் மூன்று மாதம் யோசித்திருக்கிறோம். இருவருக்கும் அது தோன்றவில்லை. இப்போது முதல் பகடை காற்றுக்கு.

இரண்டாவது கேள்வி: "சரி, நம்ம ஊரு ஆளுக எங்க நின்னாக?"

பாண்டியன் பக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எந்தப் பாண்டியன்? சூளவம்சத்திலும் சரி, கல்வெட்டிலும் சரி, வலை இழுத்துக்கொண்டிருந்தவன் இல்லை. இரண்டு படையும் தின்ற மீனை யாரோ பிடித்திருக்க வேண்டும். பட்டியலில் அவனுக்குத் தட்டு கிடையாது.

அந்த வாரம் தீக்குச்சியும் அட்டையும் வைத்து ஒரு வள்ளம் செய்தேன். உள்ளே இரண்டு பேர். வேறொரு படையில் மிச்சமிருந்த பொம்மைகள். ஈட்டியை நறுக்கித் துடுப்பாக்கினேன். அதைக் குந்துகாலுக்கு நேரே கடலில் வைத்தபோது நண்பர் கேட்டார், "இது யார் பக்கம்?"

"யார் பக்கமும் இல்லை. மீன் பிடிக்கிறார்கள்."

"விதி?"

"மோதக் கூடாது. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், கோயில் மாதிரி."

அவர் இஞ்சு நாடாவை நீட்டி அளந்தார். வள்ளம் சரியாக அவர் கப்பல் இறங்க வேண்டிய வழியில் கிடந்தது. சுற்றிப் போனால் ஒரு முறை வீணாகும், அதற்குள் என் யானை கரைக்கு வந்துவிடும். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சத்தமில்லாமல், கப்பலைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று அக்கா கேட்கவில்லை. வள்ளத்துக்குப் பாய் வைக்கவில்லையா என்று மட்டும் கேட்டாள். இந்த வாரம் வைக்க வேண்டும்.

அன்புடன்,
நாட்டிங்காமிலிருந்து உங்கள் மடல்காரன்