ஒரு பிடி அரிசி





உப்பைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். சாரம் இழந்த உப்பினால் பயன் ஏது என்று பிரசங்க பீடத்தில் நின்று உரத்த குரலில் கேட்டிருக்கிறேன். ஆனால் சென்ற தை மாதத்தின் ஓர் இரவில், ஐந்து ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் குருமனையின் அடுப்படியில் நின்றுகொண்டு, “உப்பு எங்கே இருக்கிறது?” என்று உள்ளறையை நோக்கிக் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. “அடுப்புக்கு வலது பக்கம், பீங்கான் சாடியில்” என்று என் துணைவியார் பதில் சொன்னார். அந்தச் சாடியை நான் தினமும் கண்டிருக்கிறேன். அதற்குள் இருப்பது ஊறுகாய் என்றே எண்ணியிருந்தேன்.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர் அவர் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டின் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். பிள்ளைகள் இருவரும் வேலையின் நிமித்தம் தூரத்து ஊர்களில் இருக்கிறார்கள். செய்தி பரவியதும் நீங்கள் தூக்குவாளிகளோடு வந்தீர்கள். ஒருநாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய தேவை உண்டாகவில்லை. அந்த அன்பை நாங்கள் மறக்கவில்லை.

எட்டாம் நாள் மதியம், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார் வெயிலில் நடந்து வந்து மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனார். அன்று அவருடைய தட்டில் பாதி இலை சுற்றப்படாமலே கிடந்ததாக மாலையில் வேறொருவர் சொல்லக் கேட்டேன். ஒரு நாள் கூலியில் பாதியை அவர் எங்களுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். இரண்டு கைகளும் நலமாயிருக்கிற ஒரு மனிதன், ஒரு கைம்பெண்ணின் கூலியை உண்டுகொண்டிருப்பது தகுமா? அந்த இரவில்தான், ஐம்பத்தாறாவது வயதில், நான் அடுப்படிக்குள் நுழைந்தேன்.

முதலில் சோறு. அரிசியைக் கழுவிக் குக்கரில் இட்டு, கண் அளவாகத் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தேன். விசில் வந்ததும் பொறுமையின்றிக் கரண்டியால் வெயிட்டைத் தூக்கினேன். கஞ்சித் தண்ணீர் சீறிப் பாய்ந்து சுவரெல்லாம் தெறித்தது. உள்ளே சோறு விதை விதையாக இருந்தது. மறுநாள் தண்ணீரைக் கூட்டினேன்; களியாயிற்று. மூன்றாம் நாள் துணைவியார் ஒரு நாற்காலியைப் போட்டு அடுப்படி வாசலில் அமர்ந்து சொல்லிக் கொடுத்தார். புழுங்கலரிசி ஒரு தம்ளருக்குத் தண்ணீர் மூன்று தம்ளர். அரைமணி நேரம் ஊற வேண்டும். நான்கு விசில். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை தொடக்கூடாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள் அழுத்தத்தினால் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை உயர்கிறது. அத்தனை வெப்பத்தை அடைத்து வைத்திருக்கும் பாத்திரத்தை அவசரமாய்த் திறக்கிறவன் தன்னையே சுட்டுக்கொள்வான்.

அளவெல்லாம் சொல்லி முடித்து, நான் அரிசியைப் படியில் அள்ளும்போது அவர் கேட்டார்: “பிடி அரிசி எடுத்தீர்களா?”

எனக்கு விளங்கவில்லை. அரிசிப் பானையின் அருகே ஒரு சிறிய தகர டப்பா இருந்தது. ஒவ்வொரு முறையும் உலையில் இடுவதற்கு முன்னர், எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அதில் போட்டுவிட்டே அவர் சமைத்து வந்திருக்கிறார். பிடி அரிசிக் காணிக்கையை நான் அறியாதவன் அல்லன். எங்கள் திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் அது பழைய வழக்கம். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் தாய்மார்கள் இவ்வாறே ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைக் கொண்டே ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள் என்பதை நானே கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். ஊழியத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தக் காணிக்கையைப் பெற்று, அதன்மேல் ஜெபித்து வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிடியில் ஒன்றுகூட என் கையினால் எடுக்கப்பட்டதில்லை. அன்றைக்கு முதன்முறையாக எடுத்தேன். எடுத்த பிறகு மீந்த அரிசி இருவருக்குப் போதுமா என்று ஒரு கணம் மனம் கணக்குப் பார்த்தது. வறுமையுள்ள வீட்டில் ஒரு தாய் அந்தக் கணக்கை எப்படித் தாண்டியிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது சாம்பார். அரைத் தம்ளர் துவரம்பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், காய்கள், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், பொடி, உப்பு என எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் இட்டேன். எல்லாம் கடைசியில் ஒன்றாகத்தானே சேரப் போகிறது என்பது என் நியாயம். ஐந்து விசில் கழித்துத் திறந்தால் காய் குழைந்திருந்தது. பருப்பு மட்டும் பருப்பாகவே நின்றது. மேலும் நான்கு விசில் வைத்தும் அது மசியவில்லை. “புளி விழுந்தால் பருப்பு வேகாதே” என்றார் துணைவியார். புளியின் அமிலம் பருப்பின் செல்சுவர்களை இளகவிடாமல் இறுக்கிவிடுகிறது என்று பின்னர் படித்து அறிந்தேன். முதலில் பருப்பு வெந்து மசிய வேண்டும். அதன் பிறகே புளி. பொருளில் குறைவில்லை, அளவிலும் பிழையில்லை. முறைமை தவறியது, அவ்வளவுதான்.

அன்று சாப்பிடுகையில் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு சேகரத்தில், குடிப்பழக்கத்தில் சிக்கிய ஓர் இளைஞர் ஒரு மாலையில் என்னைத் தேடி வந்தார். அவரை உட்காரச் சொல்லுவதற்கு முன்னரே கடிந்துகொண்டேன். நான் சொன்னவை அனைத்தும் உண்மையே. வேத வசனங்களோடுதான் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவேயில்லை. அவர் இப்போது எங்கிருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. புளியை முதலில் ஊற்றிவிட்டேன், பிரியமானவர்களே. உள்ளம் இளகுமுன் சொல்லப்படும் நியாயம், அந்த உள்ளத்தை மேலும் இறுக்கிவிடுகிறது.

நான்காவது வாரத்து ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தும் நான் அறிக்கையிட வேண்டும். அன்று மதியம் வெளியூரிலிருந்து இரண்டு ஊழியர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக இருந்தது. நான் விடியற்காலை நான்கரைக்கு எழுந்தேன். வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தேன். தாளிப்பதற்கு எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போட்ட நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசி முடித்துத் திரும்பினால் கடுகு கருகிப் புகைந்தது. கரண்டியைத் துலக்கி மறுபடியும் தாளித்தேன். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. ஆலயத்தின் உடைமாற்றும் அறையில் மூச்சிரைக்க அங்கியை அணிந்தபோது, என் விரல்களில் வெங்காய வாசனை வீசியது. என் வாழ்நாளில் முதன்முறையாக ஆராதனையைத் தாமதமாக ஆரம்பித்தேன்.

என் துணைவியார் ஞாயிறுதோறும் முதல் பாட்டு ஆரம்பித்த பின்னரே ஆலயத்துக்குள் வருவார். உங்களில் பலர் அதைக் கவனித்திருப்பீர்கள். ஒருமுறை நான் அவரிடம், “குருவானவர் வீட்டிலிருந்தே தாமதமாக வந்தால் சபைக்கு என்ன மாதிரி?” என்று கடுமையாகக் கேட்டிருக்கிறேன். அதற்கடுத்த வாரம்தான் மார்த்தாளையும் மரியாளையும் குறித்துப் பிரசங்கித்தேன். பற்பல வேலைகளில் வருத்தமடைந்த மார்த்தாளைக் குறைகூறி, பாதத்தருகே அமர்ந்த மரியாளைப் புகழ்ந்தேன். அவர் வழக்கமான இடத்தில் அமர்ந்து அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மதியம் எனக்குப் பரிமாறினார்.

ஆண்டவர் மார்த்தாளிடம் பேசினது மெய்தான். ஆனால் அவளுடைய பாரத்தை அறிந்தவராய், அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்துப் பேசினார். நானோ, உப்புச் சாடி எங்கிருக்கிறது என்று அறியாத வாயினால் அவளைக் கண்டித்தேன்.

அன்று இரவு என் துணைவியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டு, “அதையெல்லாம் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பால் பொங்குகிறது, போய்ப் பாருங்கள்” என்றார். பாலை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, இடது கையினால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

யோவான் எழுதின சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை இந்நாட்களில் மீண்டும் வாசித்தேன். இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படாதிருந்த மனிதருக்காக, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி வைத்திருந்தார். மரணத்தை வென்ற கரங்கள் அடுப்பு மூட்டின. அங்கே வந்தவர்களில் பேதுருவும் ஒருவன். சில நாட்களுக்கு முன்னர் வேறொரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டே அவரை அறியேன் என்று மறுதலித்தவன். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஆண்டவரிடம் இருந்தது. மூன்று முறை கேட்கவும் போகிறார். ஆயினும் கரையேறியவுடன் கேட்கவில்லை. முதலில் சாப்பிடக் கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்னரே கேட்டார். இந்த முறைமையை வேதாகமக் கல்லூரியிலே நான் கற்றிருக்க வேண்டும். வேகாத பருப்பு எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

இப்போது மாவுக்கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. கையில் பழைய பலம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. ஈரத்துணியைப் பிழியவும் குக்கர் மூடியைத் திருகவும் என்னை அழைக்கிறார். திங்களும் வியாழனும் சமையல் என் பொறுப்பாகிவிட்டது. என் சாம்பார் சுமார்தான். ரசம் பரவாயில்லை என்று சொல்லப்படுகிறது. நுரைகூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது என்பதை மூன்று முறை கெடுத்த பிறகு கற்றேன். ஞாயிறு காலையில் காய் நறுக்கும் வேலையை இருவரும் சனி இரவிலேயே முடித்துவிடுகிறோம். கடந்த இரு ஞாயிறுகளிலும் முதல் பாட்டுக்கு முன்னரே அவர் தம் இடத்தில் அமர்ந்திருந்தார். முதல் பாட்டை அவர் குரலோடு சேர்ந்து கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின!

சென்ற மாதக் காணிக்கை ஞாயிறன்று, தகர டப்பாவிலிருந்த அரிசியைப் பையில் கொட்டி ஆலயத்துக்குக் கொண்டு சென்றோம். தாய்மார்கள் கொண்டுவந்த அரிசியோடு அதுவும் கலந்தது. எந்த மணி யாருடையது என்று எவரும் பிரித்தறிய முடியாது. வழக்கம்போல அதன்மேல் கை வைத்து ஜெபிக்கும்படி நின்றேன். வழக்கமான வார்த்தைகள் எனக்கு வரவில்லை. “ஆண்டவரே, இதைப் பிடித்த கைகளை நீர் அறிவீர்” என்று மாத்திரம் சொன்னேன்.

சபையிலுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் ஒருவேளை உணவையாவது நீங்கள் சமையுங்கள். சோறு குழைந்தாலும் பாதகமில்லை. எது எங்கே இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சமைக்கத் தொடங்குமுன் ஒரு பிடி அரிசியை உங்கள் கையால் எடுத்து வையுங்கள். பிறகு உணவுக்கு முன் நீங்கள் ஏறெடுக்கும் ஸ்தோத்திர ஜெபம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஜெபிப்போம்.

கரையிலே நெருப்பு மூட்டி உம்முடையவர்களுக்காகக் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளில் விடியுமுன் எழும்பும் கைகளுக்காக ஸ்தோத்திரம். நாங்கள் காணாமற்போன உழைப்பை நீர் கண்டீர். அறியாமல் பேசிய எங்கள் வார்த்தைகளை மன்னியும். எங்களாலே மனம் இறுகிப் போனவர்களை, எங்கே இருந்தாலும், நீரே உம்முடைய பந்தியில் அமர்த்தும். கடிந்துகொள்ளுமுன் பரிமாறக் கற்றுத் தாரும். ஆமென்.

உங்கள் ஜெபங்களில் எங்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.